பழைய பேக்-மேன் பெட்டியை வீட்டிலேயே ஓட வைப்பது எப்படி: பிளக் சொருகும் முன்பிருந்து முதல் காசு வரை

நியூ ஜெர்சியில் மூடிக் கிடந்த ஒரு பீட்சா கடையின் நிலவறையில்தான் அந்தப் பெட்டி நின்றிருந்தது. மஞ்சள் நிறம் பழுப்பாகிவிட்டது, கண்ணாடியில் ஒரு விரல் கனத்துக்குத் தூசி. விற்றவர் சொன்ன ஒரே தகவல், "போன தடவை போட்டப்போ ஓடிச்சு." போன தடவை எந்த வருஷம் என்று நான் கேட்கவில்லை. பழைய ஆர்கேட் பெட்டி, அதாவது காசு போட்டு ஆடும் வீடியோ கேம் பெட்டி, விற்கிற எல்லோரும் சொல்கிற வாக்கியம் அது. அதை நம்பி அங்கேயே பிளக்கைச் சொருகிப் பார்ப்பதுதான் வாங்குகிறவர் செய்யக்கூடிய முதல் தப்பு.

புதிர்வழியில் பேய்களுக்குத் தப்பிப் புள்ளிகளை விழுங்கும் விளையாட்டு பேக்-மேன். ஜப்பானில் நாம்கோ நிறுவனம் 1980-இல் உருவாக்கிய அதை, அதே ஆண்டில் அமெரிக்காவில் உரிமம் பெற்றுத் தயாரித்தது மிட்வே. இந்த வழிகாட்டி மிட்வேயின் அந்த நின்று ஆடும் பெட்டியை வைத்தே எழுதப்பட்டது. அதைத் தொடர்ந்து வந்த மிஸ் பேக்-மேனுக்கும் பெரும்பாலானவை பொருந்தும். வேறு பெட்டி வைத்திருப்பவர்களுக்கும் வேலையின் வரிசை இதுதான்: முதலில் மின்சாரம், அப்புறம் திரை, அப்புறம் போர்டு (விளையாட்டை ஓட்டும் சர்க்யூட் பலகை), கடைசியில் மரமும் பெயிண்டும். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். பெயிண்ட் அடித்து மினுமினுக்க வைத்த பிறகு உள்ளே மானிட்டரைக் கழற்ற வேண்டிவந்தால் அந்தப் பெயிண்டின் கதி என்ன?

வீட்டுக்குக் கொண்டுவருவது

எடை நூறு கிலோவைத் தாண்டும். இரண்டு பேர், பட்டை வைத்துக் கட்டிய ஒரு தள்ளுவண்டி, அவசரமில்லாத ஒரு சனிக்கிழமை, இவ்வளவும் வேண்டும். பெட்டியை நிமிர்ந்த நிலையிலேயே கொண்டுவருவது நல்லது. உள்ளே இருக்கும் 19 அங்குலப் படக்குழாயின் பின்கழுத்து மெல்லிய கண்ணாடி. அதில் ஒரு விரிசல் விழுந்து காற்று புகுந்துவிட்டால் அந்தக் குழாய்க்கு வைத்தியமே கிடையாது.

சாவி இல்லையென்று விலையைக் குறைத்தால் சந்தோஷமாக வாங்குங்கள். காசுக் கதவின் பூட்டைத் துளையிட்டு எடுத்துப் புதிது போடுவது அரைமணி நேர வேலை. அதற்கு முன் காசு திரும்பி விழும் வாயில் கைவிட்டுப் பாருங்கள். சாவியை அங்கே போட்டுவைக்கிற பழக்கம் பல கடைக்காரர்களுக்கு இருந்தது.

சொருகாமல் செய்ய வேண்டியவை

பின்கதவைத் திறந்ததும் முகமூடி போட்டுக்கொள்ளுங்கள். கரப்பான் முட்டை, எலிப் புழுக்கை, நாற்பது வருஷச் சிகரெட் புகையின் பிசின் எல்லாம் உள்ளே குடியிருக்கும். வேக்குவம் கிளீனரும் ஒரு மென்மையான பெயிண்ட் பிரஷும் போதும். சுத்தம் செய்யும்போதே கண்ணால் பரிசோதனையும் நடந்துவிடும்: எலி கடித்த ஒயர், கருகிய கனெக்டர், உப்பிய கெபாசிட்டர், யாரோ டேப் சுற்றி ஒப்பேற்றிய இணைப்பு. எதையும் கழற்றும் முன் ஒரு படம் எடுங்கள். கழற்றிய பின் இன்னொன்று. நான் எடுத்த நூற்றுச் சொச்சம் படங்களில் என்னைக் காப்பாற்றியவை மூன்றே மூன்றுதான். ஆனால் எந்த மூன்று என்பது முன்கூட்டியே தெரியாதே.

மின்கம்பியைப் பாருங்கள். எர்த் முனை ஒடிந்தோ, உறை வெடித்தோ இருந்தால் யோசிக்காமல் மூன்று முனைக் கம்பி வாங்கி மாற்றுங்கள். எர்த் கம்பி டிரான்ஸ்ஃபார்மர் பொருத்திய உலோகத் தட்டு, மானிட்டர் சட்டம், காசுக் கதவு மூன்றுக்கும் போக வேண்டும். மல்டிமீட்டரைத் தொடர்ச்சி பார்க்கும் நிலையில் வைத்து, பிளக்கின் எர்த் முனையிலிருந்து காசுக் கதவு வரை சோதியுங்கள். குழந்தைகள் கை வைக்கப்போவது அந்தக் கதவில்தான்.

ஃப்யூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடியிலிருந்து கழற்றி அளவெடுங்கள். பிடியில் இருக்கும்போதே அளந்தால் சுற்றுவழியாக மீட்டர் பீப் அடித்து ஏமாற்றும். எரிந்த ஃப்யூஸுக்குப் பதிலாக அதே ஆம்பியர், அதே வகை மட்டுமே. முந்தைய சொந்தக்காரர் வெள்ளித்தாள் சுற்றி வைத்திருந்தால் ஆச்சரியப்படாதீர்கள். என் பெட்டியில் அப்படித்தான் இருந்தது, அங்கிருந்தே மற்ற கோளாறுகளின் கதையும் தெரிந்துவிட்டது. ஃப்யூஸ் பிடியின் கவ்விகளும் தளர்ந்து கருத்திருக்கும். தளர்ந்த பிடி சூடாகும், சூடு மேலும் தளர்த்தும். புதுப்பிடி ஒன்றும் பெரிய விலையில்லை.

முதல் மின்சாரம்

இப்போது கேம் போர்டின் கனெக்டரையும் மானிட்டரின் மின்இணைப்பையும் கழற்றிவிட்டுப் பிளக்கைச் சொருகுங்கள். ஓடப்போவது டிரான்ஸ்ஃபார்மரும் விளக்கும் மட்டும்தான். பின்கதவில் ஒரு பாதுகாப்பு சுவிட்ச் உண்டு. கதவு திறந்திருந்தால் மின்சாரம் வராது. அதன் தண்டை வெளியே இழுத்தால் பழுதுபார்க்கும் நிலைக்குப் போகும். இது தெரியாமல் "டிரான்ஸ்ஃபார்மர் போச்சு" என்று முடிவுகட்டியவர்கள் உண்டு.

மேலே உள்ள பெயர்ப்பலகை விளக்கு எரிகிறதா? அது சாதாரணக் குழல்விளக்கு. எரியாவிட்டால் ஸ்டார்ட்டர், சோக், குழல் என்று நம் வீட்டு டியூப்லைட்டுக்குப் பார்க்கிற வரிசையிலேயே பாருங்கள்.

அடுத்து போர்டுக்குப் போகும் கம்பிகளில் ஏசி மின்னழுத்தம். மிட்வே பேக்-மேனின் தனிக்குணம் இங்கேதான் இருக்கிறது. பின்னாளில் வந்த பெட்டிகளில் தனி சப்ளை 5 வோல்ட் டிசி தயாரித்துப் போர்டுக்கு அனுப்பும். இதில் டிரான்ஸ்ஃபார்மர் சுமார் 7 வோல்ட் ஏசியை அப்படியே போர்டுக்கு அனுப்பிவிடும். அதை டிசியாக்கி 5 வோல்ட்டாகச் சீராக்குவது போர்டிலேயே நடக்கிறது. ஆகவே "ஸ்விட்சிங் சப்ளை வாங்கி 5 வோல்ட்டைக் கொடுத்தால் முடிந்தது" என்று யாராவது சொன்னால், அதே கம்பியில் கொடுத்துவிடாதீர்கள். அதற்குச் சீராக்கும் பகுதியைத் தாண்டிச் செல்லும் அடாப்டர் வேண்டும். சுமை இல்லாமல் அளக்கும்போது 7-க்குக் கொஞ்சம் கூடுதலாகக் காட்டும், அது சரிதான்.

ஊருக்குக் கப்பலில் அனுப்பியவர்களுக்கு ஒரு வார்த்தை. 230 வோல்ட்டை 120 ஆக இறக்கும் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் கட்டாயம். அது வோல்ட்டைத்தான் குறைக்கும், 50 ஹெர்ட்ஸை 60 ஆக்காது. உள்ளே இருக்கும் டிரான்ஸ்ஃபார்மர் வழக்கத்தைவிடச் சூடாகலாம், அவ்வப்போது பிளக்கை உருவிவிட்டுக் கைவைத்துப் பாருங்கள்.

கருகும் கனெக்டர்

பேக்-மேன் போர்டின் ஓரத்தில் 44 முனைக் கனெக்டர் ஒன்று உண்டு. போர்டுக்கு வேண்டிய மின்சாரம் முழுவதும் இதன் ஒருசில முனைகள் வழியாகத்தான் போகிறது. காலப்போக்கில் அந்த முனைகளில் களிம்பு படிந்து தடை கூடும், தடை கூடினால் சூடு, சூடானால் இன்னும் களிம்பு. கடைசியில் பிளாஸ்டிக் பழுப்பாகி, முனை கருகிப்போகும். "திடீர்னு ரீசெட் ஆகுது", "பத்து நிமிஷம் ஓடி நிக்குது" என்று வருகிற புகார்களை நான் முதலில் இங்கேதான் தேடுவேன்.

போர்டின் விரல்களை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடையுங்கள். பிடிவாதக் கறைக்குப் பென்சில் ரப்பரால் லேசாக ஒரு தேய். உப்புத்தாள் மட்டும் வேண்டாம், மேல்பூச்சு போய்விடும். கனெக்டர் பக்கம் கருகியிருந்தால் சுரண்டி ஓட்டலாம் என்று பார்க்காதீர்கள். முனையின் ஸ்பிரிங் இறுக்கம் ஏற்கெனவே செத்துவிட்டது. புதுக் கனெக்டர் வாங்கி, ஒரு ஒயரை எடுத்து அதே இடத்தில் புதியதில் ஈயம் வைத்துவிட்டு அடுத்ததுக்குப் போங்கள். எல்லாவற்றையும் வெட்டிவிட்டு ஒன்றாகச் சேர்க்க நினைத்தால் அந்த ஞாயிற்றுக்கிழமை முழுதும் போய்விடும்.

போர்டிலுள்ள விரல் கருகிச் செம்பு உரிந்திருந்தால், அந்தத் தடத்தைப் போர்டின் உட்புறத்தில் தடித்த ஒயர் ஒன்றால் இணைத்துவிடலாம். அழகில்லைதான், ஆனால் நிலைத்து நிற்கும்.

திரை: இங்கே மட்டும் பயம் நல்லது

படக்குழாயின் ஆனோடில், அதாவது மேலே ரப்பர் கிண்ணம் போல ஒட்டியிருக்கும் இடத்தில், ஓடும்போது 20,000 வோல்ட்டுக்குப் பக்கமாகவோ அதற்கு மேலோ இருக்கும். அணைத்த பிறகும் குழாயே ஒரு கெபாசிட்டர் போல அதைப் பிடித்து வைத்திருக்கும். மின்னணு வேலையில் பழக்கமே இல்லாதவர்கள் இந்தப் பகுதியை மட்டும் ஒரு பழைய டிவி மெக்கானிக்கிடம் கொடுத்துவிடுங்கள். அதில் வெட்கம் ஒன்றுமில்லை.

நீங்களே செய்வதானால் இப்படி. பிளக்கைச் சுவரிலிருந்து உருவி எடுங்கள், சுவிட்சை அணைப்பது மட்டும் போதாது. மோதிரம், கைக்கடிகாரம், கைச்சங்கிலி எல்லாவற்றையும் கழற்றுங்கள். நல்ல காப்புள்ள கைப்பிடி கொண்ட நீளமான தட்டை ஸ்க்ரூடிரைவரின் தண்டில் ஒரு கிளிப் ஒயரை மாட்டி, மறுமுனையைக் குழாயைச் சுற்றி ஓடும் பின்னல் எர்த் கம்பியிலோ அது இணையும் உலோகச் சட்டத்திலோ கவ்வ விடுங்கள். முதலில் சட்டம், அப்புறம்தான் ஆனோடு. இடது கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்ளுங்கள், ஒரு கை வழியாக வந்து மறுகை வழியாகப் போகிற மின்சாரம் இதயத்தைக் கடக்கும். ஸ்க்ரூடிரைவர் முனையை ரப்பருக்கு அடியில் மெதுவாக நுழைத்து உள்ளேயிருக்கும் உலோகக் கொக்கியைத் தொடுங்கள். "டப்" என்று ஒரு சத்தம் வரலாம், வராமலும் போகலாம். ஐந்து நிமிடம் கழித்து மறுபடியும் செய்யுங்கள், கொஞ்சம் மின்னேற்றம் மீண்டும் ஊறி வரும்.

மிட்வே பெட்டிகளில் எலக்ட்ரோஹோம் ஜி07, வெல்ஸ்-கார்ட்னர் 4600 ஆகிய மானிட்டர்கள் பரவலாக இருந்தன. மானிட்டரின் சேசிஸில், அதாவது குழாயை ஓட்டும் சர்க்யூட் பொருத்திய சட்டத்தில், உள்ள பெயரைப் பார்த்துவிட்டே உதிரி வாங்குங்கள். பெட்டிக்கு வெளியே எடுத்துச் சோதிக்கும்போது ஜி07-ஐ நேராகச் சுவர் பிளக்கில் மாட்டக்கூடாது. சுவர் மின்சாரத்தோடு நேரடித் தொடர்பில்லாமல் பிரித்துக் கொடுக்கும் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் வழியாகத்தான் அதற்கு மின்சாரம் போக வேண்டும், இல்லாவிட்டால் சேசிஸே உயிருள்ள கம்பியாகிவிடும்.

நாற்பது வருஷத்தில் எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர்கள் உள்ளே வறண்டிருக்கும். படம் அலை அலையாக ஆடுவது, ஓரங்கள் சுருங்குவது, சூடான பிறகு நிறம் மங்குவது எல்லாம் பெரும்பாலும் அதன் வேலைதான். அந்தந்த மானிட்டருக்கென்றே "கேப் கிட்" என்று எல்லாக் கெபாசிட்டரும் ஒரே பையில் கிடைக்கிறது. ஒன்று கழற்றி ஒன்று மாட்டுங்கள். பிளஸ், மைனஸ் பக்கத்தை ஒவ்வொரு தடவையும் பாருங்கள், தலைகீழாகப் போட்டால் வெடிக்கும். பெரிய ஃபில்டர் கெபாசிட்டர் தனியாகவும் மின்னேற்றம் வைத்திருக்கும். தொடும் முன் ஒரு ரெசிஸ்டர் வழியாக இறக்கிவிடுங்கள். கையோடு, கனெக்டர் முள்களின் அடியில் உள்ள பழைய ஈயத்தைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். முள்ளைச் சுற்றி மெல்லிய வளையமாக விரிசல் தெரிந்தால் மறுபடி ஈயம் வையுங்கள். எனக்கு கேப் கிட் சரிசெய்யாத ஒரு கோளாறை அந்த வளையம்தான் காட்டிக்கொடுத்தது.

வேலை முடிந்ததும் ஜி07-இல் பி-பிளஸ் எனப்படும் முதன்மை மின்னழுத்தத்தை அளந்து 120 வோல்ட் டிசியில் நிறுத்துங்கள். இதைக் கூட்டி வைத்துப் பளிச்சென்று படம் வரவைக்க ஆசைப்பட்டால் ஃப்ளைபேக், அதாவது ஆனோடுக்கு உயர் மின்னழுத்தம் தரும் டிரான்ஸ்ஃபார்மர், சீக்கிரம் போய்விடும். நம்மூர் டிவி மெக்கானிக்குகள் ஈஎச்டி என்று சொல்வது இதைத்தான்.

சில அறிகுறிகளைப் படிக்கத் தெரிந்துகொண்டால் நேரம் மிச்சம். ஃப்யூஸ் போட்டவுடனே எரிந்தால் கிடைமட்ட அவுட்புட் டிரான்சிஸ்டர் ஷார்ட் ஆகியிருக்கலாம், அல்லது ஃப்ளைபேக்கே போயிருக்கலாம். படம் ஒரே கோடாகச் சுருங்கினால் செங்குத்து டிஃப்ளெக்ஷன் பகுதி. பேக்-மேனில் மானிட்டரைப் பக்கவாட்டில் திருப்பி மாட்டியிருப்பார்கள். அதனால் மற்ற பெட்டிகளில் படுக்கைக்கோடாகத் தெரிவது இங்கே நிமிர்ந்த கோடாகத் தெரியும், குழம்ப வேண்டாம். உடனே அணைத்துவிடுங்கள், அந்தக் கோடு திரையைச் சுட்டுவிடும்.

நிறக்கோளாறைக் கண்டுபிடிக்க இந்த விளையாட்டைவிட நல்ல கருவி கிடையாது. சிவப்பு போய்விட்டால் மஞ்சள் பேக்-மேன் பச்சையாவான், சிவப்புப் பேய் பிளிங்கி மறைந்து கண்கள் மட்டும் நடமாடும். பச்சை போனால் பேக்-மேன் சிவப்பாகிவிடுவான். நீலம் போனால் சுவர்கள் கிட்டத்தட்டக் காணாமல் போகும். கோளாறு மானிட்டரிலா, போர்டிலா என்று தெரிய, மானிட்டருக்கு வரும் சிவப்பு, பச்சை ஒயர்களை இடம் மாற்றிப் பாருங்கள். காணாமல் போன நிறம் மாறினால் குற்றவாளி போர்டு பக்கம். மாறாமல் அதே நிறம் இல்லையென்றால் மானிட்டர்.

அணைத்திருக்கும்போதே கண்ணாடியில் அந்தப் புதிர்வழி நிழல் போலத் தெரிகிறதா? பேக்-மேன் திரைகளுக்கு அது பிறவிக்குறி மாதிரி. வருஷக்கணக்கில் ஒரே சுவர்கள் ஒரே இடத்தில் எரிந்ததால் பாஸ்பர் பூச்சு சுட்டுப்போயிருக்கிறது. எந்தச் சரிசெய்தலாலும் போகாது. வேறு குழாய் தேடி மாற்றலாம். நான் மாற்றவில்லை. விளையாட்டு ஓடும்போது அந்த நிழல் மேல்தான் புதுச் சுவர்களும் விழுகின்றன, யாருக்கும் தெரிவதில்லை.

போர்டு

போர்டை மாட்டி, ஓடவிட்டு, முதலில் பார்க்க வேண்டியது மூளையாகிய இசட்80 சிப்பின் 11-ஆம் காலுக்கும் 29-ஆம் காலுக்கும் இடையே உள்ள மின்னழுத்தம். 4.9-க்கும் 5.1-க்கும் நடுவே இருந்தால் நல்லது. கனெக்டர் பக்கத்தில் சரியாக இருந்து சிப்பில் குறைந்தால், நடுவில் எங்கோ தடை இருக்கிறது. 5 வோல்ட் சரியாக வராத போர்டில் வேறு எதையும் ஆராயாதீர்கள். பேய் பிடித்த மாதிரி தினம் ஒரு அறிகுறி காட்டும்.

திரையில் குப்பையாக எழுத்துகள் வந்து, ஒரு நொடிக்குள் மாறி, மறுபடி அதே குப்பை வந்துகொண்டே இருந்தால் அது வாட்ச்டாக். கேம் நிரல் குறித்த நேரத்துக்குள் "நான் இருக்கிறேன்" என்று சொல்லாவிட்டால் போர்டைத் தட்டி எழுப்புகிற காவல்காரன் அது. இசட்80 நிரலைச் சரியாகப் படிக்கவில்லை என்று அர்த்தம்.

அப்போது சாக்கெட்டில் இருக்கும் சிப்களை ஒவ்வொன்றாக மெல்லக் கழற்றி, கால்களைத் துடைத்து, மறுபடி அழுத்திப் பொருத்துங்கள். இரண்டு முனையையும் மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்குங்கள், ஒரே பக்கம் நெம்பினால் கால் ஒடியும். நிரல் இருப்பது போர்டில் 6இ, 6எஃப், 6எச், 6ஜே என்று குறித்த இடங்களில் உள்ள நான்கு ரோம்களில் (அழியாத நினைவக சிப்கள்), ஒவ்வொன்றும் 4 கிலோபைட். ஆக மொத்தம் 16 கிலோபைட்டில் பேக்-மேனின் முழு நிரலும் அடங்கிவிட்டது. ஒரு வாட்ஸாப் படத்துக்குக்கூட இன்று அது பற்றாது. சிப்களோடு நாம்கோவின் தனிப்பயன் சின்னப் பலகைகளையும் கழற்றி மாட்டுங்கள், அவற்றின் சாக்கெட்டும் தளரும். மிஸ் பேக்-மேன் என்றால் இசட்80 சாக்கெட்டிலிருந்து ரிப்பன் கேபிளில் போகும் துணைப்பலகை இருக்கும். முதல் சந்தேகம் அந்த ரிப்பன் மேல்தான்.

சாக்கெட் வேலைக்குப் பிறகும் சரியாகாத போர்டுகளில் அறிகுறி வழிகாட்டும். சுவர், புள்ளி, எழுத்து மட்டும் உடைந்து, பேய்கள் ஒழுங்காகத் தெரிந்தால் 5இ ரோமைப் பாருங்கள். பேய்களும் பேக்-மேனும் மட்டும் உடைந்தால் 5எஃப், அல்லது அதற்கான சர்க்யூட். 2114 என்ற ரேம் சிப்கள் ஆறு இருக்கும். இந்த வகை ரேம் கெட்டுப்போவதற்குப் பேர்போனது. காசுக் கதவுக்கு உள்ளே சோதனை சுவிட்ச் உண்டு. அதைப் போட்டால் நினைவகத்தைத் தானே சோதித்து, நலமென்றால் "மெமரி ஓகே" என்று காட்டும்.

இந்தப் போர்டில் பேட்டரி கிடையாது. அதனால் பேட்டரி கசிந்து தடங்களை அரித்த கதையும் கிடையாது. மின்சாரம் போனால் உங்கள் உயர்ந்த ஸ்கோரும் போய்விடும், அவ்வளவுதான்.

பழைய போர்டைத் தூக்கிப்போட்டுவிட்டு அறுபது விளையாட்டு உள்ள நவீனப் பலகை மாட்டச் சொல்லி ஆலோசனை வரும். வசதிதான். எனக்கென்னவோ இதயத்தை மாற்றி வைத்துவிட்டு "தாத்தா பிழைத்துவிட்டார்" என்பது போலத் தோன்றுகிறது. அப்படிச் செய்தாலும் பழைய போர்டை அந்தப் பெட்டிக்குள்ளேயே பத்திரமாக வைத்துவிடுங்கள்.

கைப்பிடி, காசு

ஜாய்ஸ்டிக் நான்கு திசை மட்டும் போகிறது. உள்ளே இரண்டு உலோக இலைகள் தொட்டால் சுவிட்ச். ஒரு திசை வேலை செய்யவில்லையென்றால் ஆல்கஹாலில் நனைத்த விசிட்டிங் கார்டை இலைகளுக்கு நடுவில் வைத்து, மெல்ல அழுத்தி இழுங்கள். கார்டு கருப்பாக வரும். வெள்ளையாக வரும்வரை செய்யுங்கள். இலைகளின் இடைவெளி அகன்றிருந்தால் ஊசிமூக்கு இடுக்கியால் ஒரு மயிரிழை வளையுங்கள்.

காசு மாட்டிக்கொள்வதற்குக் காரணம் பிசுக்குதான். காசு பிரிக்கும் பொறியைக் கழற்றிச் சோப்புத் தண்ணீரில் கழுவி, நன்றாக உலர்த்தி மாட்டுங்கள். எண்ணெய் போடாதீர்கள், தூசியைக் கூட்டிவந்துவிடும்.

மரம்

நிலவறையில் நின்ற பெட்டிகளின் அடிப்பலகை ஈரம் குடித்து உப்பியிருக்கும். உதிரும் பகுதியைச் சுரண்டி எடுத்து, மரத்தை இறுக்கும் திரவத்தை ஊறவிட்டு, காய்ந்ததும் கார் பாடிக்குப் போடுகிற பட்டி பார்த்து, உப்புத்தாளால் சமன் செய்யுங்கள். உள்வரை மட்கியிருந்தால் அந்தப் பகுதியை நேராக வெட்டியெடுத்துப் புதுப் பலகை ஒட்டுவதே நல்லது. பக்கங்களில் உள்ள சித்திரம் மஞ்சள் மேல் ஸ்டென்சில் வைத்துப் பெயிண்ட் அடித்தது. முக்கால்வாசி நன்றாக இருந்தால் மறுபடி அடிக்காதீர்கள், துடைத்துவிட்டு அப்படியே விடுங்கள். என் பெட்டியில் யாரோ சாவியால் கிறுக்கிய இரண்டு எழுத்து இருக்கிறது. அதையும் விட்டுவிட்டேன். ஓரத்தில் ஓடும் டி-மோல்டிங் பட்டையை வாங்கும் முன் பலகையின் தடிமனை அளந்துவிடுங்கள், ஒரு மில்லிமீட்டர் மாறினாலும் அசிங்கமாகத் தெரியும்.

ஓட்டிப் பார்ப்பது

எல்லாம் மாட்டியபின் நான்கு மணி நேரம் தொடர்ந்து ஓடவிடுங்கள். முதல் ஒரு மணி நேரம் பக்கத்திலேயே இருங்கள். பாதுகாப்பு சுவிட்சின் தண்டை இழுத்து வைத்து, பின்கதவு திறந்தே இருக்கட்டும், குழந்தைகள் அந்தப் பக்கம் வரக்கூடாது. அரைமணிக்கு ஒருமுறை 5 வோல்ட்டை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். அது மெல்ல மெல்லக் கீழே இறங்கினால் மறுபடி கனெக்டரிடமே போங்கள். பிறகு பிளக்கை உருவிவிட்டு, கனெக்டரின் முதுகைத் தொட்டுப் பாருங்கள், வெதுவெதுப்பு பரவாயில்லை, கை வைக்க முடியாத சூடு கூடாது. ஜி07 மானிட்டரில் பி-பிளஸையும் கடைசியாக ஒருமுறை பாருங்கள்.

என் பெட்டி முதல் நாள் மூன்றாவது மணியில் நின்றுவிட்டது. நான் மாற்றாமல் விட்ட ஒரே ஃப்யூஸ் பிடி. அதையும் மாற்றி, இரவு பதினோரு மணிக்குப் பின்கதவைப் பூட்டி, இத்தனை நாளும் மேசை இழுப்பறையில் கிடந்த கால் டாலரைப் போட்டேன். பொறி அதை அப்படியே கீழே திருப்பித் துப்பியது. கழுவிய பொறியைக் கதவில் முழுசாக அழுத்தி மாட்டவில்லை. அழுத்தி மாட்டினேன், மறுபடி போட்டேன். இந்தத் தடவை எடுத்துக்கொண்டது.